காவலுக்கு ஆர் போறது?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 2017 டெல்லி டெஸ்டில் இலங்கை வேகப்பந்துவீச்சாளர் சுரங்க லக்மாலை நைட்வோட்ச்மனாக, அதாவது நாள் முடிகிற நேரத்தில் நல்ல துடுப்பாட்ட வீரருக்குப் பதிலாக முன்னால் போகிற ஆளாக, அனுப்பி அவர் பூச்சியத்துக்குப் போனதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். ஐ.பி.எல். ஏலம், உலகக் கிண்ணம் என்று வழமையாக வருகிற கேள்விகளை எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில் இடம் உண்டு. இந்தமுறை காவல்காரன் கதைதான்.

கேள்வி: ஐயா, டெஸ்ட் போட்டியில் நாலாவது விக்கெட்டுக்கு நல்ல துடுப்பாட்ட வீரர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தால், பந்து போடுகிற ஆள் பாட் (கால்காப்பு) கட்டிக்கொண்டு வருகிறார். அப்பாவிடம் கேட்டால் “அது நைட்வோட்ச்மன், நாளைக்குப் பார்” என்று மட்டும் சொல்கிறார். நல்ல வீரர் உள்ளே பயந்து ஒளித்திருக்கிறாரா?
(உயர்தர வகுப்பு மாணவி, மாங்குளம்)

பதில்: ஒளித்திருக்கிறார் என்பது முழுப் பொய் இல்லை, பிள்ளை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

ஐந்து நாள் நடக்கிற டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். 84ஆவது ஓவரில் ஒரு விக்கெட் விழுகிறது என்று வையுங்கள், மிச்சம் ஆறு ஓவர். இந்த நேரத்தில் உள்ளே வருகிறவர் எவ்வளவுதான் நன்றாக ஆடினாலும் பத்துப் பதினைந்து ஓட்டத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை, ஆட்டமிழந்தாலோ அணியின் ஒரு பெரிய விக்கெட் போய்விட்டது. அதாவது வரவு சின்னது, செலவு பெரியது. பந்துவீச்சாளருக்கு இதே கணக்கு தலைகீழ். காலையிலிருந்து ஓடிக் களைத்த மனிசன்தான், ஆனாலும் இன்னும் மூன்று ஓவர் போட்டால் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கலாம் என்று தெரிந்தவுடன் உடம்பில் மிச்சம் கிடக்கிற எல்லாவற்றையும் அந்த மூன்று ஓவருக்குள் கொட்டிவிடுவார். விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நாலு பேர், துடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு ஒருவர். பாதி மைதானத்தில் அரங்கின் நிழல் விழுந்திருக்கும், பந்து மஞ்சள் வெயிலில் புறப்பட்டு நிழலுக்குள் வந்து சேரும்.

இன்னொன்று, இதைத்தான் தொலைக்காட்சியில் அதிகம் சொல்லமாட்டார்கள். எவ்வளவு பெரிய வீரரும் முதல் இருபது பந்துக்குச் சாதாரண ஆள்தான். கண் பழக வேண்டும், கால் நகர வேண்டும். பின்னேரம் ஆறு ஓவர் நின்று அந்தக் கண்டத்தைத் தாண்டினாலும், படுத்தெழும்பி விடியப் போய் நின்றால் திரும்பவும் முதலாம் பந்திலிருந்துதான். பந்துவீச்சாளரும் நித்திரை கொண்டு எழும்பிப் புதிதாக வருவார். ஒரே இனிங்ஸில் இரண்டு தடவை தொடங்கவேண்டிய இந்தத் தலையிடியை நல்ல துடுப்பாட்ட வீரருக்குக் கொடுக்காமல், விக்கெட் போனாலும் பெரிதாக நட்டமில்லாத ஒருவரை அன்று இரவுக்கு மட்டும் முன்னால் அனுப்புகிறார்கள்.

எல்லோரையும் அனுப்ப முடியாது. பதினோராம் ஆளாக வந்து கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறவரை அனுப்பினால் காவலும் இல்லை, ஒன்றும் இல்லை. அடிக்கத் தெரியாவிட்டாலும் தடுக்கத் தெரிந்த பந்துவீச்சாளர் வேண்டும். இங்கிலாந்தின் ஜேம்ஸ் அன்டர்சனைப் பலமுறை இந்த வேலைக்கு அனுப்பினார்கள். பெரிய துடுப்பாட்டக்காரர் இல்லை, ஆனால் டெஸ்டில் தனது முதல் 54 இனிங்ஸிலும் ஒருமுறைகூடப் பூச்சியத்துக்கு ஆட்டமிழக்காதவர். அப்படியான ஆள்.

விதிப்புத்தகத்தைத் திறந்து தேடினால் நைட்வோட்ச்மன் என்ற பேச்சே இருக்காது. பெயர்ப்பட்டியலில் உள்ள பதினொரு பேரில் யார் எந்த இடத்தில் வருவது என்பது அணித்தலைவரின் விருப்பம், அவ்வளவுதான்.

கேள்வி: வானொலியிலை ‘இரவுக் காவலாளி’ எண்டு சொல்லேக்கை எனக்கு வங்கி வாசல்லை கதிரை போட்டு இருக்கிற ஆள்தான் ஞாபகம் வருது. இதுக்கு நல்ல தமிழ் இல்லையோ?
(நெற்செய்கையாளர், ஒட்டுசுட்டான்)

பதில்: அண்ணை, இந்தக் கேள்வியை ஒட்டுசுட்டானிலிருந்து கேட்கிறீர்களே! முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களுக்கு இந்த வேலையைப் பற்றி வேறு யார் சொல்லித்தர வேண்டும்? என்னைக் கேட்டால் ‘இராக்காவல்’ போதும். அனுப்பப்படுகிறவர் இராக்காவலன், அவர் போவது காவலுக்கு.

எனக்கு இந்த விளையாட்டின் நுட்பம் விளங்கியதே வயலில்தான். எண்பதுகளின் தொடக்கம். காலபோக நெல் குடலை தள்ளத் தொடங்கினால் வெட்டு முடியும்வரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவர் மாறி ஒருவர் கொட்டிலில் படுக்க வேண்டும். அப்பா போகமாட்டார். அவருக்கு விடிந்தால் ஆள் பிடிக்கிற வேலை, சாக்கு எடுக்கிற வேலை, கடன்காரனோடு கதைக்கிற வேலை. அவர் நித்திரை கொள்ளாவிட்டால் அடுத்த நாள் முழுக்கக் குழம்பும். அதனால் பள்ளிக்கூடம் போகிற நான் ஒரு சாக்கும் ரோச் லைட்டும் தட்டுகிறதுக்கு ஒரு பழைய தகரமுமாகப் போவேன். யானைவெடியும் மின்வேலியும் இப்போது வந்தவை, அன்றைக்குத் தகரமும் தொண்டையும்தான்.

முதல் நாள் மாமா கொட்டிலடிக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னார். “யானையைக் கண்டால் தட்டு, கத்து. கலைச்சுக்கொண்டு போகாதை. வரம்பைத் தாண்டி இறங்காதை. நீ நெல்லுக்குத்தான் காவல், காட்டுக்கு இல்லை.” மூன்றாம் சாமத்தில் பனி சொட்டுகிற சத்தமே யானை நடக்கிற மாதிரிக் கேட்கும், கால் தானாக வரம்பை நோக்கிப் போகும். இறங்கினால் போச்சு. இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், கடைசிக் கடிதத்துக்குப் பதில் சொல்லும்போது தேவைப்படும்.

கேள்வி: லக்மால் அன்று பூச்சியத்துக்குப் போனார் என்று நீங்களே எழுதினீர்கள். பிறகு ஏன் இந்த வேலை? நல்ல துடுப்பாட்ட வீரர் என்றால் எந்த நேரமும் ஆட வேண்டியதுதானே? ஸ்டீவ் வோ இதை வைத்திருக்கவில்லை என்று கேள்விப்பட்டேன், உண்மையா?
(கணக்காளர், வவுனியா)

பதில்: உண்மைதான். அவுஸ்திரேலியாவுக்குத் தலைவராக இருந்தபோது ஸ்டீவ் வோவுக்கு இந்த வழக்கம் பிடிக்காது. துடுப்பாட்ட வீரர் என்று பெயர் வைத்திருக்கிறவர் தன் வேலையைத் தானே செய்யட்டும் என்கிற கட்சி. அவர் வாயில் அது எடுபடும். அவருடைய அணியில் ஏழாம் ஆள்கூடச் சதம் அடிக்கிறவர். எல்லா அணிக்கும் அந்த வசதி இல்லை.

டெல்லிக்கு வருவோம். முழுக் கதையையும் சொன்னால்தான் அந்த ஒரு வரி விளங்கும். 2017 டிசம்பர், புகைமூட்டத்தில் வீரர்கள் முகமூடி கட்டிக்கொண்டு விளையாடிய அதே போட்டி. இலங்கைக்கு இலக்கு 410. நாலாம் நாள் பின்னேரம் இந்தியாவின் ஜடேஜா பந்துவீச்சில் திமுத் கருணாரத்ன ஆட்டமிழக்க, அஞ்சலோ மத்தியூஸைக் காப்பாற்ற லக்மாலை அனுப்பினார்கள். அதே ஓவரில் ஜடேஜா அவரையும் போல்ட் செய்துவிட்டார். மூன்று விக்கெட்டுக்கு 31. கடைசியில் என்ன நடந்தது? மத்தியூஸ் அதே பின்னேரம், அதே வெளிச்சத்தில் வரவேண்டி வந்தது, ஒரு விக்கெட் கூடுதலாக இழந்த பிறகு. அடுத்த நாள் காலை அவரும் 1 ஓட்டத்தோடு போனார். காவலும் போச்சு, காத்த நெல்லும் போச்சு. ஆனால் அந்தப் போட்டியை இலங்கை தோற்கவில்லை. மறுமுனையில் இரவு கடந்து நின்ற தனஞ்சய டி சில்வா 119 எடுத்துக் காயத்தோடு வெளியேற, முதல் போட்டி ஆடிய ரொஷேன் சில்வா ஆட்டமிழக்காமல் 74 எடுக்க, ஐந்து விக்கெட்டுக்கு 299 என்று வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தது.

இதைவிட மோசமானது 2024 நவம்பரில் மும்பையில் நடந்தது. நியூசிலாந்துக்கு எதிராக முதல் நாள் பின்னேரம் இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 78 என்று நல்லாகத்தான் நின்றது. ஜெய்ஸ்வால் போல்ட் ஆனார். வேகப்பந்துவீச்சாளர் சிராஜைக் காவலுக்கு அனுப்பினார்கள். முதல் பந்திலேயே அஜாஸ் பட்டேல் அவரை எல்.பி.டபிள்யூ. (விக்கெட்டுக்குப் போகிற பந்து காலில் பட்டு ஆட்டமிழப்பு) ஆக்கினார், போதாக்குறைக்கு நடுவரின் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கக் கேட்ட ஒரு ரிவியூவும் வீணாய்ப் போனது. பிறகு வேறு வழியில்லாமல் விராட் கோலி வந்தார், 4 ஓட்டத்தில் ரன் அவுட். எட்டுப் பந்துக்குள் மூன்று விக்கெட். அந்தப் போட்டியை இந்தியா 25 ஓட்டத்தால் தோற்றது, தொடரையும் மூன்றுக்குப் பூச்சியம் என்று பறிகொடுத்தது. சிராஜால்தான் தோற்றார்கள் என்று சொல்லவரவில்லை, நாலாவது இனிங்ஸில் 147 எடுக்கமுடியாமல் 121க்குச் சுருண்டதுதான் காரணம். ஆனாலும் அந்தப் பின்னேரம் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, என் கட்சி எது என்று கேட்டால் பாதி இங்கே, பாதி அங்கே. மூன்று நாலு ஓவர்தான் மிச்சம், அடுத்து வரவேண்டியவர் அணியின் முதுகெலும்பு மாதிரியான ஆள், அனுப்புகிறவருக்கு நேராகத் துடுப்புப் போடத் தெரியும் என்றால் அனுப்பலாம். எட்டு ஒன்பது ஓவர் கிடக்கும்போது அனுப்புவது பாவம். ஏழாம் ஆளைக் காப்பாற்ற ஒன்பதாம் ஆளை அனுப்புவதை நான் கேலியாகத்தான் பார்க்கிறேன், நானூறு ரூபாய்ப் பூட்டை ஐந்நூறு ரூபாய்ப் பெட்டிக்குப் போடுகிற மாதிரி.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது மறுமுனையில் நிற்கிறவர். இராக்காவலன் வந்துவிட்டார் என்றவுடன் ஏற்கெனவே கண் பழகி நிற்கிற துடுப்பாட்ட வீரர் ஓவரின் இரண்டாம் பந்தில் ஒரு ஓட்டம் தட்டிவிட்டு மற்ற முனைக்குப் போய் ஆறுதலாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்குப் பத்திக்கொண்டு வரும். நாலு பந்தைப் பத்தாம் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகிறாய், நாளைக்கு அவன் அவுட் என்று பேப்பரில் வரும், உன் பெயர் வராது. காவலுக்கு ஆள் அனுப்பினால் வீட்டிலிருக்கிறவர் லாம்பை அணைக்காமலாவது இருக்க வேண்டாமா?

கேள்வி: இராக்காவலுக்குப் போனவர்களில் ஆகக் கூடிய ஓட்டம் எடுத்தவர் யார்? சதம் அடித்தவர்கள் உண்டா?
(முச்சக்கரவண்டி ஓட்டுநர், புதுக்குடியிருப்பு)

பதில்: அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடித்தால் நீங்கள் ஓட்டோவை நேரே என் வீட்டுக்கு விட்டுவிடுவீர்கள். ஜேசன் கில்லெஸ்பி, அவுஸ்திரேலிய வேகப்பந்துவீச்சாளர். 2006 ஏப்ரல், சிட்டகொங், பங்களாதேஷுக்கு எதிராக. முதல் நாள் பின்னேரம் மத்தியூ ஹெய்டன் ரன் அவுட் ஆக இவரை அனுப்பினார்கள். அதுவரை அவருடைய ஆகக் கூடிய டெஸ்ட் ஓட்டம் 54. மனிசன் விடிந்தும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. மழை நடுவில் வந்து வந்து போக, 425 பந்துக்கு நின்று, மைக்கல் ஹசியோடு 320 ஓட்ட இணைப்பாட்டம் போட்டு, தனது 31ஆவது பிறந்தநாளில் இரட்டைச் சதம் அடித்தார். ஆட்டமிழக்காமல் 201. அதற்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்காக அவர் ஒரு டெஸ்ட்கூட விளையாடவில்லை. ஓய்வூதியக் கடிதத்தோடு பதவியுயர்வுக் கடிதமும் வந்த மாதிரி.

மற்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பாகிஸ்தானின் நசீம் உல் கனி 1962இல் லோர்ட்ஸில் 101. அவுஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் டோனி மான் 1977இல் பேர்த்தில் இந்தியாவுக்கு எதிராக 105, அந்தப் போட்டியை இரண்டு விக்கெட்டால்தான் வென்றார்கள். இந்திய விக்கெட் காப்பாளர் சையத் கிர்மானி 1979இல் பம்பாயில் ஆட்டமிழக்காமல் 101. தென்னாபிரிக்காவின் மார்க் பௌச்சர் 1999இல் இரண்டு தடவை, சிம்பாப்வேக்கு எதிராக ஒருமுறை, இங்கிலாந்துக்கு எதிராக ஒருமுறை. கிர்மானியும் பௌச்சரும் விக்கெட் காப்பாளர்கள், துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவர்கள், அதனால் நான் மனசுக்குள் அவர்களுக்குக் கொஞ்சம் கழித்துவிடுவேன்.

எனக்குப் பிடித்தது சதம் அடித்தவர்களைவிட அடிக்காமல் விட்ட இருவரை. 1999 எட்ஜ்பாஸ்டனில் நியூசிலாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் இலக்கு 208. முதல் விக்கெட் மூன்று ஓட்டத்தில் விழ, அலெக்ஸ் டியூடர் என்ற இளம் வேகப்பந்துவீச்சாளர் காவலுக்கு வந்தார். அடுத்த நாள் நின்று விளாசி 99க்கு வந்துவிட்டார். ஆனால் வெற்றி ஓட்டம் மறுமுனையில் நின்ற கிரஹாம் தோர்ப்பின் துடுப்பிலிருந்து வந்துவிட்டது. டியூடர் ஆட்டமிழக்காமல் 99. டெஸ்டில் அவருக்கு அதற்குப் பிறகும் ஒரு சதம் வாய்க்கவில்லை. மறுமுனைக்காரரைப் பற்றி மேலே எழுதினேனே, அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர் இங்கிலாந்து வேகப்பந்துவீச்சாளர் ஹரோல்ட் லார்வூட். 1933, சிட்னி. ‘பொடிலைன்’ தொடரில் அவுஸ்திரேலியர்களின் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசி அந்த நாடு முழுக்கத் திட்டு வாங்கியவர். கடைசி டெஸ்டில் இராக்காவலுக்கு வந்து 98 எடுத்தார். பிடி எடுத்தது பெர்ட் அயன்மங்கர், களத்தடுப்பில் படுமோசம் என்று பெயர் எடுத்த ஆள். வருடம் முழுக்கப் பந்தைக் கைவிடுகிறவர் அன்றைக்குப் பார்த்துப் பிடித்துவிட்டார். திட்டிய அதே சனம் எழுந்து நின்று லார்வூட்டுக்குக் கைதட்டியது. அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். பின்னாளில் அவர் குடும்பத்தோடு குடியேறியது எங்கே தெரியுமா? அதே சிட்னியில்.

அண்மைக் கதை வேண்டும் என்றால் 2025 ஓகஸ்ட், ஓவல். இந்தியாவின் ஆகாஷ் தீப் இரண்டாம் நாள் பின்னேரம் வந்து மூன்றாம் நாள் 66 எடுத்து, ஜெய்ஸ்வாலோடு சேர்ந்து நூறுக்கு மேல் சேர்த்தார். அந்தப் போட்டியை இந்தியா வென்றது 6 ஓட்டத்தால். அந்த 66இல் ஒரு பவுண்டரியும் ஒரு இரண்டும் குறைந்திருந்தால் முடிவு என்ன என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: விடிந்த பிறகு இராக்காவலனைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டு நல்ல ஆளை அனுப்பலாமா? வேலை முடிந்துவிட்டதுதானே?
(ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: கூப்பிடலாம், ஆனால் அது ஒரு விக்கெட் இழந்த கணக்கு. காயம், சுகவீனம் போன்ற காரணம் இல்லாமல் தானாக வெளியேறினால், எதிரணித் தலைவர் சம்மதித்தால் மட்டுமே திரும்பி வரலாம், இல்லாவிட்டால் ‘ரிட்டயர்ட் அவுட்’. இதை டெஸ்டில் செய்துகாட்டியவர்கள் நம்மவர்கள்தான். 2001இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் பங்களாதேஷுக்கு எதிராக மார்வன் அத்தப்பத்து 201இலும் மஹேல ஜயவர்தன 150இலும் மற்றவர்களுக்கும் துடுப்புக் கிடைக்கட்டும் என்று எழும்பிப் போனார்கள். ஸ்கோர் அட்டையில் அது ஆட்டமிழப்பாகத்தான் பதிந்தது.

இன்னொரு எச்சரிக்கை, டீச்சர். காவலுக்குப் போகிறவர் பாட் கட்டித் தயாராக இருக்க வேண்டும். முந்திய விக்கெட் விழுந்து மூன்று நிமிடத்துக்குள் அடுத்த பந்துக்குத் தயாராகாவிட்டால் ‘டைம்ட் அவுட்’ கொடுக்கலாம், ஒருநாள் போட்டியில் இரண்டே நிமிடம். 2023 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு எதிராகத் தலைக்கவசத்தின் வார் அறுந்து ஒரு பந்தும் ஆடாமல் திரும்பிப் போனவர் மத்தியூஸ். சர்வதேசப் போட்டியில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள். மைதானம்? மேலே சொன்ன அதே டெல்லி மைதானம். அந்த இடத்துக்கும் அவருக்கும் ஏதோ சரியில்லை.

கேள்வி: எங்கட மென்பந்துப் போட்டி பத்து ஓவர். அதில இந்த நைட்வோட்ச்மன் சரிவருமா?
(விளையாட்டுக் கழகத் தலைவர், முல்லைத்தீவு)

பதில்: வராது, தலைவர். பத்து ஓவரில் யார் எதைக் காப்பது? உங்களுக்குத் தேவை நேர் எதிரான ஆள், முன்னால் வந்து கண்மண் தெரியாமல் அடிக்கிறவர். 1996 உலகக் கிண்ணத்தில் ஜயசூரியவும் களுவிதாரணவும் செய்தது அது. இங்கிலாந்துக்காரர் இப்போது இரண்டையும் கலந்து ஒரு கூத்து ஆடுகிறார்கள், காவல்காரனையே அடிக்கச் சொல்லி அனுப்புவது. ‘நைட்ஹோக்’ என்று பெயர், இரவுப் பருந்து. 2023இல் நியூசிலாந்தில் ஸ்டுவர்ட் புரோட் அப்படி வந்து 7, அடுத்த வருடம் விசாகப்பட்டினத்தில் ரெஹான் அஹமட் வந்து 23. இதைக் காவல் என்று சொன்னால் என் மாமா எழும்பி வந்து அடிப்பார்.

கேள்வி: நான் பள்ளிக்கூட அணியில் ஒன்பதாவது ஆள். இரண்டு நாள் போட்டியில் முதல் நாள் முடிய மூன்று ஓவர் இருக்கும்போது சேர் என்னை நாலாவதாகப் போகச் சொன்னார். முதல் பந்தில் அவுட். வீட்டில் அண்ணா ஒரு கிழமையாக ‘வோட்ச்மன்’ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறான். அடுத்த முறை அனுப்பினால் மாட்டேன் என்று சொல்லலாமா?
(15 வயது, விசுவமடு)

பதில்: தம்பி, முதலில் அண்ணாவிடம் சிராஜின் கதையைச் சொல்லும். இந்தியாவுக்குப் பந்து போடுகிற ஆளே மும்பையில் முதல் பந்தில் போனவர்.

மாட்டேன் என்று சொல்லலாம், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சொல்ல முன்னம் என் கதையையும் கேளும். நான் பத்தாவது ஆள். கயிற்றுப் பாய் விரித்த பிட்ச். பின்னேரம் ஐந்தே முக்கால் தாண்டிவிட்டது, மாட்டுப்பட்டி திரும்புகிற தூசியில் பந்து செங்கட்டித் துண்டு மாதிரித் தெரிந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு மரத்தடியில் இருக்கிறேன், விக்கெட் விழுந்தது, சேர் என்னைப் பார்த்து “நீ போ” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. நாலாம் ஆள் தன் பாட்டைக் கழற்றி என் காலில் கட்டிவிட்டார், அவர் ஆறடி, எனக்குத் தொடைவரை வந்தது, வலது காலில் ஒரு கொளுவி இல்லை, சணல் கயிற்றால் முடிந்தார். நடக்கும்போது அந்தப் பாட் ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டே வந்தது.

பதினொரு பந்து. அதில் மூன்று என் உடம்பில் பட்டது, இரண்டு துடுப்பில் பட்டது, மிச்சத்தை நான் தொடவில்லை, தொடாமல் விட்டதுதான் நான் செய்த ஒரே கெட்டித்தனம். ஓஃப் ஸ்டம்புக்கு (துடுப்புப் பக்கத்து ஓரக் குச்சிக்கு) வெளியே வரும் ஒவ்வொரு பந்துக்கும் கை தானாகப் போகப் பார்க்கும், அந்த நேரத்தில் “வரம்பைத் தாண்டி இறங்காதை” என்ற மாமாவின் குரல்தான் கேட்டது. ஓஃப் ஸ்டம்புதான் வரம்பு. அதற்கு உள்ளே வந்தால் துடுப்பின் முழு முகத்தையும் காட்டு, வெளியே போனால் அது காட்டு யானை, போகட்டும்.

அடுத்த நாள் விடிய இரண்டாம் ஓவரில் போல்ட். பூச்சியம். நான் காப்பாற்றிய நாலாம் ஆள் வந்து 3 எடுத்துப் பிடி கொடுத்தார். அந்த ஸ்கோர் புத்தகத்தை நான் பிறகு ஒருமுறை பார்த்தேன், என் பெயருக்கு நேரே புள்ளி, புள்ளி, புள்ளி என்று வரிசையாகப் போய்க் கடைசியில் ஒரு பூச்சியம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் ஆள் மட்டும் சணல் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டே, “உடம்பில பட்ட மூண்டும் நோகுதோ?” என்று கேட்டார்.

இனி வேலைக்கு வருவோம். முதல் பந்துக்கு முன்னம் அவசரப்பட வேண்டாம், நடுவரிடம் கார்ட் (ஸ்டம்புக்கு நேரே துடுப்பை வைக்கிற இடம்) கேளும், சுற்றிப் பாரும், நிழல் எங்கே விழுகிறது என்று பாரும், ஒரு நிமிடம் போகட்டும், அதுவும் உமக்கு லாபம்தான். துடுப்பை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், கீழ்க்கை தளர்வாக இருந்தால் பந்து பட்டாலும் காலடியிலேயே விழும், ஸ்லிப்புக்குப் பறக்காது. சுழற்பந்து என்றால் முன்கால் போடும்போது பாட்டுக்கு முன்னால் துடுப்பு போகட்டும், பின்னால் போனால் எல்.பி.டபிள்யூ. மறுமுனையில் நிற்கிற அண்ணரிடம் வெட்கப்படாமல் “நீங்கள் கூடப் பந்தை எடுங்கோ” என்று சொல்லும். அதைச் சொல்கிற உரிமை உமக்கு இருக்கிறது, அவரும் அதைச் செய்ய வேண்டியவர்தான்.

பயிற்சிக்கு வேறு ஆள் தேடவேண்டாம். சிரிக்கிற அண்ணாதான் பந்து போட வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில், முற்றத்துக்கு வெளியே, ரெனிஸ் பந்தை ஒருதரம் தண்ணீரில் தோய்த்து எடுத்து, பதினெட்டுப் பந்து, அதாவது உம்முடைய மூன்று ஓவர். ஓட்டம் கணக்கில் இல்லை, நிற்பதுதான் கணக்கு. முடிந்தவுடன் துடுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, அதே இருட்டில் நீர் போடும்.